உப்பைத் துடைத்த பிறகு

முதலில் உப்பைத் துடைக்க வேண்டும்.
உப்பும் மணலும் இருந்தால் ஒட்டாது,
ஒட்டாவிட்டால் கோடு நடுங்கும்,
நடுங்குவது நெஞ்சா மெஷினா என்று
யார் சொல்வது, விடிகாலை நாலேகாலுக்கு.

சூசைரெத்தினம். ஐம்பத்திரண்டு. மண்டபம் வடக்குத் துறை.
மீன் ஏற்றுகிற மினி லாரியில்
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள்.
வாய்வு என்று நினைத்தார்களாம்.
ரெண்டு சோடா, ஒரு பிடி ஓமம்,
முதுகில் நாலு குத்து.
வலையை வெட்டிவிட்டுத் திரும்பலாம் என்றதற்கு
அவரேதான் வேண்டாமென்றாராம்:
"வலை என்ன வெல தெரியுமாடா?"

நெஞ்சில் நாலாவது வயர் வைக்கிற இடத்தில்
ஒரு செதில்.
நகத்தால் கிள்ளி எடுத்தேன்.
"குளிருதும்மா."
ஜெல் அப்படித்தான் இருக்கும், அசையாதீங்க.
ஐஸில் கை விட்டே முப்பது வருஷம் வாழ்ந்த மனுஷன்
ஒரு சொட்டு ஜெல்லுக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

தாள் ஊர்ந்து வந்தது.
பாம்பன் பாலம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை:
தூக்கிய நடுத்துண்டு
கப்பல் போன பிறகும் இறங்காமல் நிற்கிறது.
இரண்டில், மூன்றில், நாலில்.
டாக்டர் நப்பின்னை தாளைப் பார்த்தார்,
அடுத்து என்னைப் பார்க்கவில்லை,
ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

மதுரை மூன்று மணி நேரம்.
உச்சிப்புளியில் கேட் போட்டிருந்தால் அதற்கும் மேல்.
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால்தான் சிக்னல்;
நீட்டி அனுப்பினேன்.
பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே சொல் வந்தது.
போடுங்க.

ஊசி ஏறிய பிறகுதான் பயம்.
அடைப்பு விடும்போது இதயம்
நன்றி சொல்லாது, உதைக்கும்.
திரையில் கோடு கண்டபடி ஓடியது,
நர்ஸ் ஃபரீதா உதட்டுக்குள் ஏதோ ஓதினாள்,
அவர் மட்டும் நிதானமாகச் சொன்னார்:
"டீசல்ல தண்ணி கலந்தா இப்படித்தான் இருமும்.
கொஞ்சம் ஓட விடுங்க, சரியாவும்."

ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு தாள்.
பாலம் பாதி இறங்கியிருந்தது.
ரயில் விடுகிற அளவுக்கு இல்லை.
ஆனாலும் இறங்கியிருந்தது.

ஆம்புலன்ஸ் வரும்வரை
வாசலில் ஒருத்தி உட்காராமல் நின்றாள்.
ஞானசவுந்தரி, அவர் வீட்டுக்காரி.
பாசி எடுக்கக் கிளம்பியவள் அப்படியே வந்திருக்கிறாள்,
பத்து விரலிலும் துணி சுற்றியபடி.
சேலை ஓரம் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது.
முழங்காலிலிருந்து இறங்கி வந்த நரம்புகள்
சுருண்டு, புடைத்து, நீலமாய்;
கணுக்காலில் கறுத்த தோல்,
அதன் நடுவே ஆறாத ஒரு ரூபாய் அகலப் புண்.
எத்தனை மாசமா?
"அது கெடக்கு. பாறை கிழிச்சது."
பாறை கிழித்தது ஆறியிருக்கும்.
இது ரத்தம் மேலேறாமல் தேங்கி உடைத்தது.
புதன்கிழமை நரம்புச் சுருட்டுக்கு டாக்டர் வருவார் என்று
டோக்கன் எழுதிக் கொடுத்தேன், பதினேழு.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இந்த டோக்கனுக்குக் கடலுக்கு விடுவாங்களா?"
அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது எங்கள் இருவருக்கும்.

அவர் மதுரையில் பிழைத்துக்கொண்டார்.
குழாய்க்குள் சின்னதாய் ஒரு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்களாம்,
போனில் சொன்னபோது குரலில் லேசாகப் பெருமை.

புதனன்று பதினேழை மூன்று தரம் கூப்பிட்டேன்.
பதினேழு மட்டுமில்லை,
பன்னிரண்டு, பத்தொன்பது, இருபது,
பாசிக்காரப் பொம்பளைகள் ஒருத்தரும் இல்லை.
பிறகுதான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன்.
அமாவாசை.
தண்ணீர் வற்றுகிற நாளில்
எவள் வருவாள் காலைக் காட்ட?

டாக்டரிடம் கேட்டிருக்கிறேன்,
புதனை விட்டுவிட்டு அட்டமிக்கு மாற்றலாமா என்று.
அட்டமியில் யாரும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க மாட்டார்கள் என்றார்.
ஊருக்குள் இருப்பவர்கள் மிதிக்க மாட்டார்கள், டாக்டர்.
அன்றைக்குக் கடல் வற்றாது.
இவர்களுக்கு வேறு வேலை இல்லை.


அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.
நான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.